விநியோகச் சங்கிலியில் தகவல் தொழில்நுட்பப் பயன்பாட்டை அளவிடுதல்: அடி அண்ணாமலைக் கிரிவலப் பாதையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனம் தன் விநியோகச் சங்கிலியில் தகவல் தொழில்நுட்பத்தை எவ்வளவு சிறப்பாகப் பயன்படுத்துகிறது என்பதை, அந்நிறுவனம் வாங்கிய மென்பொருள், கருவி ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கொண்டோ மேலாளர்களின் கருத்தைக் கொண்டோ மதிப்பிடும் வழக்கம் பரவலாக உள்ளது. சங்கிலியின் கடைசிக் கடையில், சரக்குத் தேவைப்படும் நேரத்தில் கிடைத்ததா என்பதிலிருந்தே அம்மதிப்பீடு தொடங்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலையின் பௌர்ணமித் தேவையும், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தின் கணினிமயமாக்கமும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விநியோகச் சங்கிலி, தகவல் தொழில்நுட்பம், அளவீடு, கிரிவலம், பௌர்ணமி, பொது விநியோகத் திட்டம்.

முன்னுரை

கணினிகளை எங்கும் காண முடிகிறது, உற்பத்தித் திறன் பற்றிய புள்ளிவிவரங்களில் மட்டும் காண முடியவில்லை என்ற கருத்தைப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1987ஆம் ஆண்டு முன்வைத்தார். அதன் பின்னர் தகவல் அமைப்புகளின் பயனை அளவிடப் பல முயற்சிகள் நடந்தன. அவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படுவது டிலோன், மெக்லீன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட மாதிரியாகும். அமைப்பின் தரம், தகவலின் தரம், பயன்பாடு, பயனர் மனநிறைவு, தனியாள் மீதான தாக்கம், நிறுவனத்தின் மீதான தாக்கம் என ஆறு கூறுகளை அவர்கள் பிரித்துக் காட்டினர். 2003இல் அதனைத் திருத்தியபோது சேவைத் தரத்தைச் சேர்த்து, இருவகைத் தாக்கங்களையும் நிகரப் பயன் என்னும் ஒரே கூறாக்கினர்.

இம்மாதிரியைப் பின்பற்றும் ஆய்வுகள் பெரும்பாலும் வினாநிரலைக் கொண்டு நடைபெறுகின்றன. ‘உங்கள் நிறுவனத்தின் மென்பொருள் சரக்கு மேலாண்மைக்கு உதவுகிறதா?’ என்று மேலாளரிடம் வினவி, ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவுகோலில் விடை பெறுகின்றனர். மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவரே அதற்கு மதிப்பெண்ணும் இடுகிறார். தன் மகனின் விடைத்தாளைத் தந்தையே திருத்துவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. இவ்வாறு பெறப்படும் விடைகள் பயனற்றவை என்று கூறுவதற்கில்லை. ஆனால் அவை அளப்பது மனநிறைவை. சரக்கு எங்கே இருந்தது, எப்போது தீர்ந்தது என்பதை அவை அளப்பதில்லை.

களம்

அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அருணாசலேசுவரர் கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்க, ஆதி அண்ணாமலையார் கோயிலைக் கொண்ட அடி அண்ணாமலை மலையின் மறுபுறத்தில், பாதையை ஒட்டி அமைந்துள்ளது. கிழக்கிலிருந்து புறப்பட்டு வலமாக நடப்போர் பாதித் தொலைவைக் கடந்து களைப்புற்ற நிலையில் இவ்வூரை அடைகின்றனர். தண்ணீர், தேநீர், பிஸ்கட், பழம், கற்பூரம் ஆகியவற்றின் தேவை இங்கே கூடுவதற்கு இதுவே காரணம்.

சாதாரண நாள்களில் இது நகரத்தை ஒட்டிய ஒரு கிராமம். பௌர்ணமி இரவில் கடல்போல் மக்கள் திரளும் பாதையின் ஒரு பகுதியாகிறது. அவ்விரவுகளில் கிரிவலப் பாதையில் வாகனப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்படுவதால், தீர்ந்த சரக்கை நள்ளிரவில் வண்டியில் கொண்டுவந்து நிரப்புவது எளிதன்று. கடைக்காரர் என்ன விற்க வேண்டுமோ அது முந்தைய நாளே கடைக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். முந்தைய நாள் கடைக்கு வர வேண்டுமெனில் அதற்கும் முன்பே முகவரின் கிடங்கில் இருக்க வேண்டும். கிடங்கில் இருக்க வேண்டுமெனில் நிறுவனத்தின் கணினி அதற்கும் பல நாள் முன்பே அத்தேவையை அறிந்திருக்க வேண்டும். இத்தகைய ஊர், தகவல் தொழில்நுட்பப் பயன்பாட்டைச் சோதிக்கத் தகுந்த களமாகிறது.

திங்களும் மாதமும்

ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சராசரியாக 29.53 நாள்கள் உள்ளன. ஆகவே ஓர் ஆண்டில் 12 அல்லது 13 பௌர்ணமிகள் வருகின்றன. பௌர்ணமி என்பது திதியாதலால் அது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. பெரும்பாலும் இரண்டு ஆங்கிலத் தேதிகளில் விரவி நிற்கிறது. நிறுவனங்களின் மென்பொருளோ தேதி, வாரம், மாதம், காலாண்டு என்னும் அலகுகளிலேயே சிந்திக்கிறது.

இவ்விரு காலக்கணக்குகளின் முரண் எவ்வளவு பெரியது என்பதை 2018ஆம் ஆண்டின் தொடக்கம் காட்டுகிறது. அவ்வாண்டு ஜனவரி 2, 31 ஆகிய தேதிகளில் முழுநிலவு அமைந்தது. பிப்ரவரியில் முழுநிலவே இல்லை. மார்ச் 2, 31 ஆகிய தேதிகளில் மீண்டும் இரண்டு முழுநிலவுகள் அமைந்தன. மாத விற்பனையை மட்டும் பார்க்கும் ஒரு மேலாளருக்குப் பிப்ரவரியில் இப்பாதையின் விற்பனை சரிந்ததாகவும் மார்ச்சில் உயிர்த்தெழுந்ததாகவும் தோன்றும். சரிவுக்கு விற்பனைப் பிரதிநிதி கண்டிக்கப்படவும், எழுச்சிக்கு அவரே பாராட்டப்படவும் வாய்ப்புண்டு. இரண்டுக்கும் அவர் பொறுப்பல்லர்.

கார்த்திகைத் தீபம் இதனினும் தெளிவான சான்று. 2022இல் கொடியேற்றம் நவம்பர் 27ஆம் தேதியும் மகாதீபம் டிசம்பர் 6ஆம் தேதியும் நிகழ்ந்தமையால் விழா இரு மாதங்களில் பிரிந்து நின்றது. 2023இல் மகாதீபம் நவம்பர் 26; விழா முழுவதும் நவம்பருக்குள் அடங்கியது. 2024இல் மகாதீபம் டிசம்பர் 13. விழா முழுவதும் டிசம்பருக்குச் சென்றது. சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டு வளர்ச்சி கணக்கிடும் முறை வணிக உலகில் வேரூன்றியது. அம்முறையில் 2024 நவம்பர் திருவண்ணாமலைக்கு வீழ்ச்சி மாதமாகவும் டிசம்பர் வியத்தகு வளர்ச்சி மாதமாகவும் பதிவாகும். கணினி கணக்கைத் தவறாகப் போடவில்லை. அதற்குத் தரப்பட்ட நாட்காட்டிதான் இவ்வூருக்குப் பொருந்தாதது.

இச்சிக்கல் திருவண்ணாமலைக்கு மட்டும் உரியதன்று. ரம்ஜான் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னகர்கிறது. சீனப் புத்தாண்டு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே நகர்கிறது. ஆயினும் அவை ஆண்டுக்கு ஒரு முறை வருவன. கிரிவலம் ஒவ்வொரு பௌர்ணமியிலும் நிகழ்வதால், ஓர் அமைப்பு கற்றுக்கொண்டதா இல்லையா என்பதை ஓராண்டுக்குள்ளேயே பன்னிரண்டு முறை சோதித்துப் பார்க்க இயலுகிறது.

துல்லியமான தவறு

முன்கணிப்பின் துல்லியத்தையே தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றியாகக் கொள்ளும் நிறுவனங்கள் பல. அவ்வளவீடு எவ்வாறு ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் வழியே காணலாம்.

பாதையோரக் கடை ஒன்று சாதாரண நாளில் 4 பெட்டித் தண்ணீர் விற்கிறது. பௌர்ணமியை ஒட்டிய இரண்டு நாள்களில் நாளொன்றுக்கு 60 பெட்டி விற்க இயலும் எனக் கொள்வோம். 30 நாள் மாதத்தின் தேவை, 28 நாள்களுக்கு 112, இரண்டு நாள்களுக்கு 120, ஆக மொத்தம் 232 பெட்டி. நிறுவனத்தின் மென்பொருளும் 232 என்றே கணிக்கிறது; அதனைச் சராசரியாக்கி வாரத்துக்கு 54 பெட்டி வீதம் அனுப்புகிறது. பௌர்ணமி மாதத்தின் முதல் இரண்டு நாள்களில் வந்துவிட்டால் நிகழ்வது என்ன? முதல் வாரத் தேவை 140 பெட்டி. கடையில் இருப்பது 54. எனவே 86 பெட்டிக்கான வாடிக்கையாளர்கள் வெறுங்கையுடன் அடுத்த கடைக்கு நடக்கின்றனர். எஞ்சிய 23 நாள்களின் தேவை 92. வந்து சேர்வது 178. மாத இறுதியில் 86 பெட்டி கடையின் மூலையில் அடுக்கப்பட்டுக் கிடக்கிறது.

மாதக் கணக்கில் கணிப்பு 232, அனுப்பியது 232, பிழை சுழியம். உண்மையில் தேவையில் 63 விழுக்காடே நிறைவேறியது. இதனினும் பெரிய கேடு அடுத்த மாதத்தில் காத்திருக்கிறது. விற்பனையான 146 பெட்டி மட்டுமே பதிவாகியுள்ளமையால், கணினி 146ஐயே தேவையாகக் கற்றுக்கொள்கிறது. கேட்டுக் கிடைக்காமல் சென்றவர்களுக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாத தேவை கணினிக்கு இல்லாத தேவை. குறைவாக அனுப்பியதால் குறைவாக விற்று, குறைவாக விற்றதால் மேலும் குறைவாக அனுப்பும் சுழல் இவ்வாறு தொடங்குகிறது.

விற்பனையின் அளவைவிடச் சரக்குத் தீர்ந்த நேரத்தைப் பதிவுசெய்வது இங்கே பயன்மிக்க அளவீடாகும். இரவு 9 மணிக்குக் கடைசிப் பெட்டி விற்றது, நடப்போர் கூட்டம் விடியும்வரை தொடர்ந்தது எனில் இழந்த விற்பனையை ஓரளவு மதிப்பிட முடியும். ரசீதுக் கருவியுள்ள கடைகளில் இந்நேரம் தானாகவே பதிவாகிறது. கருவியில்லாச் சிறு கடைகளில்கூட, 2016இல் அறிமுகமான யுபிஐ முறையால் பணம் வந்த நேரம் பதிவாகிறது. எனினும் அது பணத்தின் நேரமே; தண்ணீர் தீர்ந்து தேநீர் மட்டும் விற்ற கடையை அது பிரித்துக் காட்டாது.

சாட்டை விளைவு

கடையில் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வு, முகவர், கிடங்கு, ஆலை என மேலே செல்லச் செல்லப் பெருகுவதைச் சாட்டை விளைவு என்பர். கைப்பிடியில் சிறிதே அசைத்தால் நுனி பெரிதும் துள்ளுவது போன்றது அது. ஜே ஃபாரஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இவ்வியக்கத்தை விளக்கினார். 1997இல் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவர் அதற்கு நான்கு காரணங்களை வகுத்தனர்: தேவையைத் தவறாகக் கணித்தல், கொள்முதலைத் திரட்டிச் செய்தல், விலைச் சலுகைகளால் வரும் ஏற்ற இறக்கம், தட்டுப்பாட்டுக்கு அஞ்சி மிகுதியாகக் கேட்டல்.

கொள்முதலின் மாறுபாட்டை விற்பனையின் மாறுபாட்டால் வகுத்தால் இவ்விளைவை அளக்கலாம். ஈவு ஒன்றைவிட மிகுந்தால் சங்கிலி ஏற்றத்தாழ்வைப் பெருக்குகிறது. நல்ல தகவல் ஓட்டம் இவ்விகிதத்தைக் குறைக்கும் என்பது பொதுக் கருத்து. அடி அண்ணாமலையில் இதனை அப்படியே ஏற்க இயலாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கொள்முதல் சீராக இருந்தது. விகிதம் ஒன்றுக்கு மிகக் கீழே இருந்திருக்கும். கடையோ காலியாக இருந்தது. தேவையே இயல்பாகத் துள்ளும் இடத்தில் கொள்முதலும் உரிய நேரத்தில் துள்ளியாக வேண்டும். ஆகவே விகிதத்தோடு, கொள்முதலின் உச்சம் விற்பனையின் உச்சத்துக்கு எத்தனை நாள் முன்பு அமைந்தது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

தகவல் இருந்தும் அது பயன்படாமல் போவதற்கு மாத இலக்கு மற்றொரு காரணம். நுகர்பொருள் நிறுவனங்களில், நிறுவனம் முகவருக்கு விற்பதும் முகவர் கடைக்கு விற்பதும் தனித்தனியே பதிவாகின்றன. விற்பனைப் பிரதிநிதி கைபேசிச் செயலியில் கடைவாரியாகப் பதிவதால் இரண்டாவது விற்பனை நாள்தோறும் தெரிகிறது. இருப்பினும் மாதக் கடைசியில் இலக்கை எட்ட முகவரின் கிடங்கில் சரக்கைத் தள்ளும் பழக்கம் தொடர்கிறது. மாதத்தின் கடைசி ஐந்து நாள்களில் முகவருக்குச் சென்ற சரக்கின் பங்கையும், அதே நாள்களில் கடைகளுக்குச் சென்ற சரக்கின் பங்கையும் ஒப்பிட்டால், நிறுவனத்தை இயக்குவது தகவலா இலக்கா என்பது புலப்படும். செலவில்லாத இச்சோதனையைப் பல நிறுவனங்கள் செய்ய விரும்புவதில்லை.

பதிவும் பொருளும்

இதுவரை கண்டது காலத்தைப் பற்றிய சிக்கல். கணினியில் உள்ள இருப்பும் கிடங்கில் உள்ள இருப்பும் ஒன்றுதானா என்பது வேறொரு சிக்கல். டிஹொராஷியஸ், ராமன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சோதித்தபோது, அவற்றுள் 65 விழுக்காடு உண்மை இருப்போடு பொருந்தவில்லை என்று கண்டனர். தவறான இருப்பின் மீது எவ்வளவு நுட்பமான கணிப்பை எழுப்பினாலும் அது நில்லாது.

தமிழ்நாட்டில் இதனை ஆராயத் தக்க பெரும் சங்கிலி பொது விநியோகத் திட்டம். 1972இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு நிறுவனமே. நெல் கொள்முதல், அரவை, கிடங்கு, நகர்வு ஆகியவற்றை அது நடத்துகிறது. நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. 2017 ஏப்ரல் முதல் மின்னணு குடும்ப அட்டை வழங்கப்பட்டு, கடைகளில் விற்பனை முனையக் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது விரல்ரேகைச் சரிபார்ப்பும் சேர்ந்தது.

இச்சங்கிலிக்கும் தண்ணீர்ப் பெட்டியின் சங்கிலிக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. அட்டைதாரருக்கு உரிய அளவு முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதால் இங்குக் கணிப்புச் சிக்கல் பெரிதன்று. பதிவாகும் விற்பனை உண்மையில் நடந்ததா என்பதே வினா. அதற்குக் குறுஞ்செய்தி ஒரு விடையளித்தது. பொருள் பதிவானவுடன் அட்டைதாரரின் கைபேசிக்குச் செய்தி செல்கிறது. வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வந்தது என்ற புகார்கள் தொடக்க ஆண்டுகளில் நாளேடுகளில் அடிக்கடி வெளியாயின. அப்புகார்களைத் திட்டத்தின் தோல்வியாகவே பலர் கண்டனர். அளவீட்டு நோக்கில் அவை வேறொன்றைச் சொல்கின்றன: பழைய பேரேட்டில் அதே பொய்ப் பதிவு எழுதப்பட்டபோது அதனை அறிய அட்டைதாரருக்கு வழியே இருக்கவில்லை. பொருளைப் பெறுபவரிடமே பதிவின் ஒரு படியைச் சேர்ப்பிக்கும் இவ்வேற்பாடு, பல தனியார் நிறுவனங்களின் மென்பொருளில் இல்லாத சோதனைக் கருவியாகும். ஆகவே புகார்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணுதல் போதாது. ஒரு புகார் வந்தபின் அடுத்த மாத ஒதுக்கீட்டுக்கு முன் அக்கடையின் இருப்பு சரிபார்க்கப்பட்டதா என்பதையே எண்ண வேண்டும்.

விரல்ரேகை பதியாதபோது மாற்று வழியில் பொருள் வழங்குவதும் இவ்வாறே நோக்கத் தக்கது. உழைத்துத் தேய்ந்த விரல்களையுடைய முதியோருக்கு அம்மாற்று வழி இன்றியமையாதது. அதனை அடைப்பது கருவியின் வெற்றியை உயர்த்திக் காட்டிப் பசியை மறைப்பதாகும். எத்தனை விழுக்காடு விற்பனை மாற்று வழியில் நடக்கிறது, எந்தக் கடைகளில் அது திடீரென உயர்கிறது என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே கருவியின் குறை எது, கடையின் குறை எது என்று பிரித்தறிய இயலும்.

திருத்துவோர் யார்

விநியோகச் சங்கிலி மன்றம் 1996இல் உருவாக்கிய ஸ்கோர் மாதிரியில் குறையற்ற வழங்கல் என்னும் அளவீடு முதன்மையானது. உரிய நேரம், முழு அளவு, சேதமின்மை, சரியான ஆவணம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் ஒரு வழங்கல் குறையற்றதாகும். ஒவ்வொன்றும் தனித்தனியே 95 விழுக்காடு நிறைவேறி, அவை ஒன்றையொன்று சாராதனவாக இருந்தால், நான்கும் ஒருங்கே அமைவது 81 விழுக்காடே. துறைதோறும் 95 என்று அறிக்கை தரும் நிறுவனத்தில் ஐந்தில் ஒரு கடைக்காரர் ஏன் குறைப்படுகிறார் என்பது இதனால் விளங்கும். ஆயினும் இவ்வளவீடு வழங்கலின் தரத்தைக் காட்டுமேயன்றி, அதில் தொழில்நுட்பத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டாது. அனுபவமிக்க கிடங்குப் பொறுப்பாளர் ஒருவரே அதனைச் சாதித்திருக்கலாம்.

அப்பங்கைப் பிரித்தறிய, கணினி பரிந்துரைத்த அளவை மனிதர் எத்தனை முறை மாற்றினர், மாற்றியபின் பிழை குறைந்ததா கூடியதா என்று காண்பது சிறந்த வழி. ஃபில்ட்ஸ், குட்வின் முதலானோர் 2009இல் நான்கு நிறுவனங்களின் 60,000க்கும் மேற்பட்ட கணிப்புகளை இவ்வாறு ஆராய்ந்தனர். பெரிய திருத்தங்கள் பெரும்பாலும் துல்லியத்தைக் கூட்டின. சிறு திருத்தங்கள் பயன் தரவில்லை, சில வேளை கெடுத்தன. கூட்டித் திருத்தியவற்றைவிடக் குறைத்துத் திருத்தியவையே மிகுதியும் பயன் தந்தன.

பௌர்ணமிக்கு முன்பு முகவர் செய்யும் திருத்தம் பெரியது, கூட்டித் திருத்துவது, ஆனால் வெறும் நம்பிக்கையால் எழுவதன்று. அவரது கடைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி அத்திதியைத் தொடங்கும் நேரத்தோடு அச்சிட்டுத் தருகிறது. ஓராண்டில் பன்னிரண்டு முறையும் அவர் கையால் திருத்தியே சரக்கு வரவழைக்கிறார் எனில், கடையில் தண்ணீர் தீராதிருப்பதற்குரிய பெருமை பஞ்சாங்கத்தையே சேரும், மென்பொருளை அன்று. பௌர்ணமித் தேதிகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிட முடியும். அவற்றை நிகழ்வுப் பட்டியலில் ஏற்றிய நிறுவனத்தில், அக்கையாலான திருத்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவர வேண்டும். குறைகின்றனவா என்பதை நிறுவனத்தின் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டலாம், வினாநிரல் வேண்டியதில்லை.

அத்தகைய சோதனைக்கு 2026 மே மாதம் தகுந்தது. அம்மாதம் 1ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. 31ஆம் தேதி வைகாசியில் மீண்டும் ஒரு பௌர்ணமி. 2025 மே மாதத்தில் 12ஆம் தேதியில் அமைந்த சித்ரா பௌர்ணமி ஒன்றே இருந்தது. சென்ற ஆண்டைப் பார்த்து அனுப்பும் அமைப்பாயின், மே 1ஆம் தேதிக்குரிய சரக்கு பத்து நாள் கழித்து அடி அண்ணாமலைக்கு வந்து சேரும். 31ஆம் தேதிக்கு எதுவும் வாராது. நிலவைக் கணக்கில் கொண்ட அமைப்பாயின், ஏப்ரல் 30ஆம் தேதி மாலைக்குள்ளும் மே 30ஆம் தேதி மாலைக்குள்ளும் வண்டி பாதையை விட்டு வெளியேறியிருக்கும். கிடங்கிலிருந்து சரக்கு புறப்பட்ட தேதியும் நேரமும் பதிந்த சீட்டுகளே இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டப் போதுமானவை.